ஐந்தரை மணி எடை

மார்ச் 3, திங்கள்

நேற்று எழுதியதில் ஒரு பிழை. மேனேஜரின் முட்டை எண்பத்தொரு கிராம் என்று எழுதி, பக்கத்தில் ‘வியப்பு!’ என்றும் எழுதியிருந்தேன். முட்டையை அப்படியே தராசில் வைத்தால் உருண்டுவிடுகிறது என்பதால் ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்து நிறுக்கிறேன். கிண்ணத்தின் எடையைக் கழிக்க மறந்துவிட்டேன். கிண்ணம் இருபத்துமூன்று கிராம். ஆகவே முட்டை ஐம்பத்தெட்டு. வியப்பை அடித்துவிட்டேன்.

பிறகு சந்தேகம் வந்து முந்தைய பக்கங்களையும் பார்த்தேன். ஏழு நாட்களாகவே கழிக்கவில்லை. ஏழு நாட்களாக எங்கள் வீட்டுக் கோழிகள் வாத்து முட்டை போட்டிருக்கின்றன, நானும் உட்கார்ந்து பெருமையோடு எழுதிவைத்திருக்கிறேன்.

இந்த நாட்குறிப்பு வகுப்புக்காக. நகராட்சிப் பள்ளியில் செவ்வாயும் வியாழனும் மாலை ஆறு மணிக்கு ‘வீட்டில் கோழி வளர்ப்பு’ என்று ஒரு வகுப்பு நடக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு. முழங்கால் தாடையில் இடிக்கும். நடத்துபவர் கால்நடை மருத்துவர். நாங்கள் மேடம் என்போம். முதல் நாளே, “பாத்ததை எழுதுங்க, நினைச்சதை எழுதாதீங்க” என்றார். அதையும் எழுதிக்கொண்டேன். பிறகு நினைத்ததைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கோழிகள் என்னுடையவை அல்ல, அண்ணியுடையவை. ஐந்து. மேனேஜர், அவசரம், பஞ்சு, ஊமை, சின்னது. இரண்டு வருடங்களுக்கு முன் குஞ்சுகளாக வாங்கிவந்து, ஓர் அட்டைப்பெட்டியில் விட்டு, மேலே பல்பு கட்டி, குளிர்சாதனப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து வளர்த்தார். அந்த மூன்று வாரமும் அண்ணி சமையலறைத் தரையில்தான் படுத்தார். சென்ற மாதம் குளியலறைப் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. முழங்கை வரை மாவுக்கட்டு. “ஆறு வாரம் என் பிள்ளைங்களை நீதான் பாத்துக்கணும்” என்றார். பார்த்துக்கொள்வது என்றால் தண்ணீர் வைத்து, தீவனம் போட்டு, கூட்டைக் கூட்டி, முட்டையை எடுப்பது. வேறு யாராக இருந்தாலும் அதைச் செய்துவிட்டுப் போயிருப்பார்கள். நான் போய் வகுப்பில் சேர்ந்தேன்.

இப்போது பிரச்சினை. பிப்ரவரி 25 முதல் முட்டை ஓடுகள் சரியில்லை. பார்த்தவை இவை: நடுவில் நாடா கட்டி இறுக்கினாற்போலச் சுற்றிலும் ஒரு சுருக்கம். ஒரு பக்கம் தட்டை. பழுப்பு ஓட்டின் மேல் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளை. ஒரு நாள் ஓடே இல்லாமல் தோல்முட்டை. கையில் எடுத்ததும் தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரித் தளதளவென்றது, பயத்தில் கீழே போட்டுவிட்டேன், அவசரம் வந்து சாப்பிட்டுவிட்டது.

நினைத்தது: சுண்ணாம்புச் சத்துக் குறைவு. சனிக்கிழமை கிளிஞ்சல் தூள் வாங்கித் தீவனத்தில் நன்றாகக் கலந்தேன். பலன்: சுருக்கம் அப்படியே இருக்க, அதன்மேல் மணல் ஒட்டினாற்போலப் பொரிப்பொரியாகவும் வந்திருக்கிறது. 

மாலை ஐந்தரைக்கு வழக்கம்போல ஐந்து பேரையும் எடை போட்டேன். யாரும் இளைக்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

காலையில் நான்கு முட்டை. மூன்றில் சுருக்கம்.

இன்று நான் ஒரு பெரிய முட்டாள்தனம் செய்தேன். நிதானமாக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது பின்பகுதி வீடு. முன்பகுதியில் வீட்டுக்காரம்மா. முற்றம் இருவருக்கும் பொது. கோழி வளர்க்க அவர் சம்மதித்ததே அண்ணியின் முகத்துக்காக. அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு முட்டை அவருக்குப் போகும். இன்று நான் கொண்டுபோன இரண்டில் ஒன்று சுருக்க முட்டை. நல்லதாகத் தேர்ந்தெடுக்க இன்னொரு நல்லது இல்லை.

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன தம்பி இது, முட்டைக்கு இடுப்பு இருக்கு?”

“அது ஒண்ணும் இல்லம்மா” என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் வந்திருப்பார்கள். ஆனால் சென்ற வியாழன் வகுப்பில் கோழிகளின் நோய்கள் பற்றிப் பாடம் நடந்திருந்தது. எனக்குத் தெரிந்ததைச் சொல்ல எனக்கு வாழ்க்கையில் வாய்ப்பே கிடைப்பதில்லை. பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கிறேன். அதனிடம் என்ன சொல்வது?

“இதுக்கு ரெண்டு மூணு காரணம் இருக்கும்மா. சில நோய்ல ஓடு இப்படிச் சுருங்கும். தொத்து நோய். சளி மாதிரி. ஒரு கோழிக்கு வந்தா எல்லாத்துக்கும் வந்துடும்.”

“தொத்து நோயா?”

“ஆமாம்மா. வேகமாப் பரவும்” என்று சொல்லி, கையால் பரவுவது போலக் காட்டவும் செய்தேன்.

வீட்டுக்காரம்மா முட்டையைப் படியில் வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தார். பிறகு மறுபடியும் துடைத்தார்.

“மனுஷங்களுக்கும் வருமா?”

“இது வராதும்மா. ஆனா…” என்றேன். ஏன் ‘ஆனா’ என்றேன் என்று இந்த நிமிடம் வரை தெரியவில்லை. அதற்குப் பிறகு சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. ஆனால் அவருக்கு அந்த ‘ஆனா’ போதுமாக இருந்தது.

“ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குக் கோழி வியாபாரியை வரச் சொல்றேன். எடுத்துக்கிட்டுப் போகட்டும். உங்க அண்ணிகிட்ட நானே சொல்லிடறேன்.”

கடைக்குப் போய் ஒரு லென்ஸைத் தப்பான கோணத்தில் அறுத்தேன். அங்கிருந்து நேரே வகுப்பு. தீவனம் பற்றிப் பேசினார்கள். எதுவும் காதில் விழவில்லை. மேடத்திடம் கேட்கலாம் என்று எழுந்து, கேட்க வெட்கமாக இருந்து, பெஞ்சைச் சரிசெய்வது போல் செய்துவிட்டு உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “சாப்பாடு மூடி வச்சிருக்கேன்” என்று மட்டும் சொன்னார். அண்ணாதான் மெதுவாகச் சொன்னான்: “டேய், சாயங்காலம் பூரா கூட்டுக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தா. இடது கையால அந்தப் பஞ்சைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு.”

மார்ச் 5, புதன்

காலையில் நான்கு முட்டை. நான்கும் வழவழவென்று இருக்கின்றன. முனையில் மட்டும் லேசாகப் பொரி. சுருக்கம் எதிலும் இல்லை!

ஆச்சரியக்குறியை யோசித்துத்தான் போட்டேன். கிண்ணத்தையும் கழித்தேன்.

பழைய பக்கங்களைப் புரட்டினேன். பிப்ரவரி 26, புதன்: நல்ல முட்டை. 28, வெள்ளி: நல்ல முட்டை. இன்று புதன்: நல்ல முட்டை. மற்ற நாளெல்லாம் சுருக்கம். புதனும் வெள்ளியும் எப்படி நல்ல நாள் ஆகின?

அண்ணி நோட்டை என் தோள்வழியாகப் பார்த்தார். நேற்றிலிருந்து என்னோடு பேசிய முதல் பேச்சு இது. “செவ்வாயும் வியாழனும் நீ வகுப்புக்குப் போற. மறுநாள் முட்டை நல்லா வருது. பேசாம தினமும் வகுப்புக்குப் போயேன், டாக்டரே.”

கேலிதான். ஆனால் அதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. வகுப்பு நாட்களில் நான் கடையிலிருந்து நேராகப் பள்ளிக்குப் போய்விடுவதால் மாலைத் தீவனம் போடுவது அண்ணா. ஆகவே அண்ணா போடும் விதத்தில்தான் ரகசியம் இருக்கிறது.

அண்ணாவைப் பிடித்துக் கேட்டேன். “நீ எப்படிப் போடறே?”

“எப்படின்னா? டப்பாவால அள்ளிக் கொட்டுவேன்.”

“எத்தனை டப்பா?”

“ஒண்ணு. ஒண்ணரை. பாத்தா பசியா இருந்தா ரெண்டு.”

“தட்டுல போடுவியா, தரையிலயா?”

“டேய், கொட்டுவேன்டா. ஃபோன்ல பேசிக்கிட்டே கொட்டுவேன். எங்க விழுதோ அங்க.”

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். நான் போடுவது ஐந்து தட்டுகளில், ஒவ்வொன்றிலும் ஐம்பது கிராம், தட்டுக்கும் தட்டுக்கும் ஒரு முழம் இடைவெளி. இன்று மாலை அண்ணா முறைப்படி போட்டேன். டப்பாவால் அள்ளி, பார்க்காமல், விசிறிவிட்டேன். அது மட்டும் போதாது, எல்லாமே ஒரே மாதிரி இருந்தால்தான் சோதனை சரியாகும் என்று கைப்பேசியையும் காதில் வைத்துக்கொண்டேன். யாரையும் அழைக்கவில்லை. “ஆமா… ஆமா… பாத்துக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். அண்ணி சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

“யார்கிட்டடா பேசினே?”

“யார்கிட்டயும் இல்ல அண்ணி.”

“அப்ப நல்லதுதான். நான் வேற மாதிரி பயந்துட்டேன்.”

ஐந்தரைக்கு வழக்கம்போல எடை போட்டேன்.

மார்ச் 6, வியாழன்

ஐந்து முட்டை. ஐந்திலும் சுருக்கம். ஊமையின் முட்டை ஒரு பக்கம் தட்டையாக, மேசையில் வைத்தால் உருளாமல் நிற்கிறது. இதற்குக் கிண்ணம் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள்.

வகுப்பு முடிந்ததும் வெட்கத்தை விட்டு மேடத்திடம் போனேன். மேடம் பையில் சாவியைத் தேடிக்கொண்டே கேட்டார்.

“கோழிங்க இருமுதா? தும்முதா?”

“இல்ல மேடம்.”

“வெள்ளைக்கரு தண்ணியாப் போகுதா?”

“இல்ல. கெட்டியாத்தான் இருக்கு.”

“தீனி எடுக்குதா?”

“நல்லா எடுக்குது. எடை குறையல. என்கிட்ட எடையெல்லாம் இருக்கு மேடம்.”

“அப்புறம் என்ன நோய்? கிளிஞ்சல் எப்படி வைக்கறீங்க?”

“தீவனத்துல கலந்துடறேன்.”

“கலக்காதீங்க. அளவு மீறினா ஓட்டுல பொரி வரும். தனிக் கிண்ணத்துல வைங்க. எவ்வளவு வேணும்னு கோழிக்குத் தெரியும்.”

சாவி கிடைத்தது. மேடம் நிமிர்ந்தார். “இடுப்புச் சுருக்கம்னு சொல்றீங்கல்ல? சாயங்காலம் யாராவது கோழிங்களைத் துரத்தறாங்களா? நாய், பூனை, சின்னப் பசங்க?”

“வாய்ப்பே இல்ல மேடம்” என்றேன் உறுதியாக. “சாயங்காலம் நான் கூடவேதான் இருக்கேன்.”

மேடம் என்னை ஒரு கணம் பார்த்தார். “சரி. எதுக்கும் நல்லாப் பாருங்க” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். பூனையாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுச் சுவர்மேல் ஒரு சாம்பல் பூனை உட்காருவதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அதன் பார்வையே சரியில்லை.

மார்ச் 7, வெள்ளி

நான்கு முட்டை. நான்கும் நல்லவை. வெள்ளிக்கிழமை என்பதால் வியப்பில்லை. லேசான பொரி மட்டும் இருக்கிறது, கிளிஞ்சலை இன்று தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டேன்.

மாலை ஐந்து முதல் ஆறேகால் வரை பூனைக் காவல். கையில் ஒரு துடைப்பம். சாம்பல் பூனை ஐந்து பத்துக்கு வந்து, சுவரில் படுத்து, ஒரு காலை நீட்டி நக்கிவிட்டுத் தூங்கிப்போனது. கோழிகள் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. இருந்தாலும் நான் துடைப்பத்தை இறக்கவில்லை. ஐந்தரைக்கு மட்டும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஐந்து பேரையும் எடை போட்டேன். இப்போதெல்லாம் பிடிப்பதற்கு முன்னைவிட அதிக நேரம் ஆகிறது. அவசரத்தைத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நாலு முறை துரத்தவேண்டியிருந்தது. பூனை விழித்துக்கொண்டு, சிறிது நேரம் பார்த்துவிட்டு, எழுந்து போய்விட்டது.

எனக்குத் திருப்தியாக இருந்தது. பூனையை விரட்டிவிட்டேன் என்று எழுதவும் செய்தேன். மேலே அடித்திருப்பது அந்த வரிதான்; அது பார்த்ததல்ல, நினைத்தது.

மார்ச் 8, சனி

ஐந்து முட்டை. நான்கில் சுருக்கம்.

நாளைக் காலை பத்து மணிக்கு வியாபாரி வருகிறார். அண்ணி காலையில் துணி துவைக்க உட்கார்ந்தார். ஒரு கையால் எப்படித் துவைப்பது? அண்ணா துவைத்தான், அண்ணி பக்கத்தில் நின்று, “அங்க அழுக்கு போகல” என்று மட்டும் சொன்னார். கடை சனிக்கிழமை அரை நாள் என்பதால் நான் இரண்டு மணிக்கு வந்துவிட்டேன். துணிகளைக் கொடியில் போடும் வேலை எனக்கு. கோழிகள் கொய்யா மரத்தடியில் மண்ணைக் கிளறி, இறக்கையை விரித்துக் குளித்துக்கொண்டிருந்தன. அண்ணியின் புடவை, அண்ணாவின் சட்டைகள், என் பேன்ட், படுக்கை விரிப்பு. கோழிகள் தலைகூட நிமிரவில்லை.

பிறகு வாளியிலிருந்து ஒரு தலையணை உறையை எடுத்து உதறினேன்.

படார் என்று ஒரு சத்தம். ஐந்து கோழிகளும் ஒரே நேரத்தில் எழுந்து, கத்திக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓடி ஒளிந்தன. பஞ்சு சுவரில் முட்டிக்கொண்டு அங்கேயே அப்பிக்கொண்டது.

நான் உறையைக் கையில் பிடித்தபடி நின்றேன். வெள்ளைத் துணி, நீலப் பூ போட்டது. எங்கள் வீட்டு உறைகள் எல்லாமே ஒரே துணியில் தைத்தவை.

அண்ணி பின்வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். உறையைப் பார்த்தார். தொட்டிக்குப் பின்னால் தெரிந்த ஐந்து வால்களைப் பார்த்தார்.

“ஏன்டா, என் தலையணை உறையைப் பாத்து ஏன் இதுங்க இப்படி நடுங்குது?”

“அது… எடை போடறதுக்கு, அண்ணி.”

“எடையா?”

சொல்லவேண்டியதாயிற்று. முதல் வாரத்தில் மேடம், “மாசம் ஒரு தடவை எடை பாத்தா நல்லது” என்றார். மாதம் ஒருமுறை நல்லது என்றால் தினமும் முப்பது மடங்கு நல்லது என்று கணக்குப் போட்டேன். கோழியைப் பிடித்து, தலையணை உறைக்குள் தலைகீழாக இறக்கி, வாயைச் சுருட்டிக் கட்டி, கொய்யாக் கிளையில் மாட்டிய கொக்கித் தராசில் தொங்கவிட்டு, முள் நிற்கும் வரை காத்திருப்பேன். உள்ளே உதைத்துக்கொண்டிருந்தால் முள் நிற்காது. அதனால் உதைத்து ஓயும் வரை காத்திருப்பேன். ஐந்து பேருக்கும். மாலை ஐந்தரைக்கு. வகுப்பு இல்லாத எல்லா நாளும்.

“எப்பலேருந்து?” என்றார் அண்ணி. இந்த நாட்குறிப்பிலேயே அது இருக்கிறது: பிப்ரவரி 24, திங்கள், ‘இன்று முதல் எடை’. சுருக்கம் தொடங்கியது 25, செவ்வாய்.

நான் உள்ளே ஓடி வகுப்பு நோட்டை எடுத்தேன். ஏழாம் பக்கம். என் கையெழுத்து. ‘முட்டை கோழியின் வயிற்றுக்குள் ஏறக்குறைய ஒரு நாள் இருக்கிறது. அதில் பெரும்பகுதி ஓடு படியும் நேரம். ஓடு இன்னும் மெல்லியதாக இருக்கும் மாலையில் கோழி பயந்து துள்ளினால் உள்ளேயே விரிசல் விடும். அதன்மேல் மறுபடி ஓடு படிந்து இடுப்பில் சுருக்கமாக வரும். சில நேரம் பயத்தில் முட்டையை அடக்கிவைத்தால் மேலே சுண்ணாம்பு பூசினாற்போல் வரும். மாலையில் கோழிகளைத் துரத்தவே கூடாது.’

கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அளவுகோல் வைத்து, சிவப்பு மையில்.

அண்ணி நோட்டை வாங்கி, வாய்விட்டுப் படித்தார். பிறகு என் நாட்குறிப்பை எடுத்து, வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் ‘பூனைக் காவல்’ என்பதைப் படித்தார். முதலில் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாவுக்கட்டை வயிற்றில் அணைத்துக்கொண்டு, “அந்தப் பூனை பாவம்டா” என்றார். “எந்தக் கிறுக்கன் கையில மாட்டினோம்னு அதுதான் ஓடிப்போயிருக்கு.”

சிரித்து முடிந்ததும் முகம் மாறியது. “நாளைக்குப் பத்து மணிக்கு இதை யார் நம்புவாங்க?”

“நானே சொல்றேன் அண்ணி.”

“நீ சொல்லித்தானே இங்க வந்து நிக்குது.”

மாலை ஐந்தரைக்கு உள்ளறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். எடை போடவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் நான்கு முட்டை. நான்கும் வழவழவென்று. ஆனால் ஒரு நாள் நன்றாக வந்ததை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. என்னாலேயே என்னை நம்ப முடியவில்லை.

வியாபாரி பத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்துவிட்டார். சைக்கிளின் பின்னால் ஒரு பெரிய மூங்கில் கூடை. அதை இறக்கி, மூடியைத் திறந்து, முற்றத்தின் நடுவில் வைத்தார். அண்ணி சமையலறைப் படியில் உட்கார்ந்திருந்தார். குனிந்து கோழிகளையே பார்த்தார். அண்ணா அவருக்குப் பின்னால் நின்றான். வீட்டுக்காரம்மா முக்காலி போட்டு, முற்றத்திலிருந்து கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தார்.

வியாபாரி ஊமையைப் பிடித்துக் கண்ணைப் பார்த்தார், கொண்டையைப் பார்த்தார், மூக்கில் காதை வைத்துக் கேட்டார். “நோயா? யார் சொன்னது? என்னைவிட நல்லா மூச்சு விடுது.”

“இந்தத் தம்பிதான் சொல்லிச்சு” என்றார் வீட்டுக்காரம்மா. “படிக்குது.”

நான் முன்னால் வந்தேன். இரவு நாலு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

“அம்மா, நோய் இல்லம்மா. நான்தான்.”

“நீதான்னா?”

“முட்டையில சுருக்கம் வந்ததுக்குக் காரணம் நான்தான். தினமும் சாயங்காலம் துரத்திப் பிடிச்சு, உறையில போட்டுத் தொங்கவிட்டு எடை போட்டேன். அந்தப் பயத்துலதான். நோட்டுல இருக்கு, பாருங்க. வகுப்புக்குப் போன நாளெல்லாம் மறுநாள் முட்டை நல்லா இருக்கு.”

அவர் நோட்டை வாங்கினார், கண்ணைச் சுருக்கினார். “கையெழுத்து அழகா இருக்கு” என்று திருப்பிக் கொடுத்தார். “செவ்வாய்க்கிழமை தொத்து நோய்னே. இன்னைக்கு நான்தான்ற. அடுத்த வாரம் என்ன சொல்லுவே? உங்க அண்ணி மனசு கஷ்டப்படுதுன்னு சொல்றியோ என்னவோ. நல்ல பிள்ளைதான் நீ. ஆனா எனக்குப் பயமா இருக்கு தம்பி.” வியாபாரியைப் பார்த்து, “எடுத்துக்கோங்க” என்றார்.

அண்ணி தலை நிமிராமலேயே சொன்னார். “உறையை எடுத்துட்டு வாடா.”

“வேணாம் அண்ணி, மறுபடியும் பயப்படும்.”

“போகப்போகுதுங்க. இதைவிடப் பயமா? எடுத்துட்டு வா.”

கொடியிலிருந்த நீலப் பூ உறையை எடுத்து வந்து, முற்றத்தின் ஓரத்தில் நின்று, கையை உயர்த்திக் காட்டினேன். உதறக்கூட இல்லை.

வியாபாரியின் கையிலிருந்து ஊமை திமிறிக்கொண்டு பறந்தது. எப்போதும் வாய் திறக்காத ஊமை அன்று தெருவுக்கே கேட்கும்படி கத்தியது. சின்னது அண்ணியின் புடவைக்குள் புகுந்தது. பஞ்சும் அவசரமும் தொட்டிக்குப் பின்னால். மேனேஜருக்கு ஒளிய இடம் கிடைக்கவில்லை. இடப்பக்கம் ஓடியது, வலப்பக்கம் ஓடியது, என்னையும் உறையையும் ஒரு பார்வை பார்த்தது. பிறகு ஒரே தாவல். வியாபாரியின் கூடைக்குள் தானாக ஏறி, அடியில் உட்கார்ந்து, தலையை இறக்கைக்குள் செருகிக்கொண்டது.

வியாபாரி கூடையை எட்டிப் பார்த்தார். “இருபது வருஷமா இந்தக் கூடையோட சுத்தறேன். ஒரு கோழிகூடத் தானா ஏறினதில்லை.” பிறகு என் கையிலிருந்ததைப் பார்த்தார். “அப்படி என்னதான் செஞ்சே நீ?”

வீட்டுக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. முக்காலி ஆடியது. “கூடையைவிட இவனைப் பாத்து…” என்று ஏதோ சொல்ல ஆரம்பித்து முடிக்க முடியாமல் கண்ணைத் துடைத்தார். “கூடையைவிட அதுக்கு உன்னைப் பாத்துத்தான் பயமாம். பாரு, கறிக்கடைக்குப் போனாலும் பரவாயில்லன்னு உக்காந்திருக்கு!”

அண்ணா என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தான். அண்ணி எழுந்து போய்க் கூடைக்குள் இடது கையை விட்டு மேனேஜரைத் தூக்கினார். அது அவர் மாவுக்கட்டின்மேல் தலையை வைத்துக்கொண்டது. அண்ணியின் கண் நிறைந்திருந்தது. இந்தத் தடவை சிரிப்பா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

முடிவு வீட்டுக்காரம்மா சொன்னது: கோழிகள் இருக்கலாம். மாலை நான்கு மணியிலிருந்து ஆறு மணி வரை நான் முற்றத்தில் காலை வைக்கக் கூடாது. தீவனம் அண்ணா போடவேண்டும். அடுத்த ஞாயிறு வரை அவரே முட்டைகளைப் பார்ப்பார். சுருக்கம் தொடர்ந்தால் வியாபாரி மறுபடி வருவார். நாளை ஒரு நாள் மட்டும் கணக்கில் சேராது. இன்று உறை காட்டியதால் நாளை சுருக்கம் வரலாம் என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன்.

“இதையெல்லாம் அந்த நோட்டுல எழுது” என்றார். “தேதி போட்டுக் கையெழுத்து வை. நாளைக்கு மறுபடியும் நோய்னு சொன்னா எடுத்துக் காட்டுவேன்.”

அவர் முன்னாலேயே எழுதினேன்: ‘கோழிகளுக்கு நோய் எதுவும் இல்லை. சுருக்கத்துக்குக் காரணம் நான்.’

“தலையணை உறையும்னு சேத்துக்கோ” என்றார் அண்ணி. சேர்த்துக்கொண்டேன்.

வியாபாரி காலிக் கூடையைச் சைக்கிளில் கட்டினார். வீணாக வந்ததற்கு அண்ணி நான்கு முட்டை கொடுத்தார். அவர் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்து, “நல்ல ஓடு” என்றார். அது இன்று எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை. அதுவும் எனக்கில்லை.

நாளை செய்யவேண்டியது: காலை ஏழு மணிக்கு முட்டைகளை எடுத்து, கிண்ணத்தைக் கழித்து, எடையை எழுதி, வீட்டுக்காரம்மாவிடம் காட்டவேண்டும். கொக்கித் தராசைக் கொய்யாக் கிளையிலிருந்து கழற்றவேண்டும். கடை முடிந்ததும் வீட்டுக்கு வராமல், ஆறேகால் வரை அங்கேயே உட்கார்ந்து, சென்ற செவ்வாய் தப்பாக அறுத்த லென்ஸுக்குப் பதில் புதியது ஒன்றை அறுக்கவேண்டும்.